70 சதவீத வியாபாரம் ஒரே கம்பெனியோடு. புது ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். பேரம் பேச வழி உண்டா?

சீல்மேக்கர்:
வணக்கம். பம்பு, வால்வுகளுக்கான ரப்பர் சீல், கேஸ்கெட் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. விற்பனையில் 70 சதவீதம் ஒரே பெரிய கம்பெனிக்குப் போகுது. அவங்ககிட்ட இருந்து புது ஒப்பந்தம் வந்திருக்கு. சாரம் இதுதான்: விலையில் 6 சதவீதம் குறைக்கணும். பணம் இதுவரை 30 நாளில் வந்தது, இனி 90 நாள். அவங்க 30 நாள் நோட்டீஸில் எப்ப வேணும்னாலும் ரத்து செய்யலாம், எங்களுக்கு அந்த உரிமை கிடையாது. பத்து நாளில் கையெழுத்து வேணும், தவறினால் "சப்ளையர் பட்டியல் மறுபரிசீலனை செய்யப்படும்"னு கடிதத்தின் கடைசி வரி.

எங்களுக்கு லாபம் நூறுக்கு ஒன்பது நின்றாலே பெரிசு. அவங்களுக்கு எங்களை மாதிரி நூற்றுக்கணக்கான சப்ளையர்கள். கையில் ஒண்ணுமே இல்லாதவன் பேரம் பேசுவது எப்படி? "இரு தரப்புக்கும் வெற்றி" வகை அறிவுரை நிறையப் படிச்சாச்சு. இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவங்க சொல்லுங்க.

கணக்கு_கந்தன்:
முதல்ல கணக்கைப் போடுங்க, அப்புறம் பேச்சு. 100க்கு விற்ற சரக்கு இனி 94. செலவு அதே 91. மிச்சம் 3. அடுத்து அந்த 60 நாள் கூடுதல் தவணை. நீங்க கடன் வாங்கும் வட்டி வருஷம் 12 சதவீதம்னு வச்சுக்குவோம். 94க்கு 60 நாள் வட்டி கிட்டத்தட்ட 1.9. கடைசியில் நிற்பது 1.1. அதாவது அவங்க கேட்பது "6 சதவீதம்" இல்லை, உங்க லாபத்தில் எட்டில் ஏழு பங்கு.

இன்னொண்ணு. 60 நாள் தள்ளிப்போனால் அந்த வாடிக்கையாளருக்கு வருஷம் விற்பதில் ஆறில் ஒரு பங்கு பணம் எப்பவுமே அவங்ககிட்ட முடங்கிக் கிடக்கும். அந்தப் பணத்தை எங்கிருந்து புரட்டுவீங்க? லாபம் குறைஞ்சு மூடின யூனிட்டை விட, லாபம் இருந்தும் கையில் காசு இல்லாமல் மூடின யூனிட்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன்.

இந்தக் கணக்கு முடிஞ்சதும் ஒரு எல்லைக்கோடு கிடைக்கும். அதுக்குக் கீழே போனால் ஆர்டர் இருப்பதும் இல்லாததும் ஒண்ணுதான். அந்த எண் தெரியாமல் போனால் எதிரில் இருப்பவர் சொல்லும் எண்தான் உங்க எண் ஆகிடும்.

வெறும்பார்வையாளன்:
எல்லாரும் ஆறுதல் சொல்ல வருவீங்க, நான் கெட்டவனாகவே இருந்துட்டுப் போறேன். வலு இல்லாத இடத்தில் பேச்சுத்திறமை என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கதை. கி.மு. 416இல் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவுக்கு முன்னால் வந்து நின்றது. தீவுக்காரர்கள் நியாயம் பேசினார்கள், நடுநிலையாக இருக்கிறோம் என்றார்கள், தெய்வம் கைவிடாது, ஏதென்ஸின் எதிரியான ஸ்பார்ட்டா உதவிக்கு வரும் என்றார்கள். வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் பட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்ற தோரணையில்தான் பதில் வந்தது. ஸ்பார்ட்டா வரவில்லை. தீவு விழுந்தது, ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள்.

கையெழுத்துப் போடுங்கள். பிழைத்திருந்து வேறு வாடிக்கையாளரைத் தேடுங்கள். அவ்வளவுதான்.

முன்னாள்_பர்ச்சேஸ்:
சீல்மேக்கர் சார், நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். இந்த மாதிரிக் கடிதங்களை வரைந்து அனுப்பும் வேலைதான் பல வருஷம். அதனால உள்ளே என்ன நடக்கும்னு சொல்றேன், முடிவு உங்களுடையது.

அந்தக் கடிதம் உங்களுக்காக எழுதப்பட்டது இல்லை. ஒரே நாளில் எல்லா சப்ளையருக்கும் போயிருக்கும். மேலிடம் "இந்த வருஷம் கொள்முதலில் இவ்வளவு மிச்சம்"னு ஒரு இலக்கு வச்சிருக்கும். முதல் சுற்றில் படிக்காமலே கையெழுத்துப் போடுறவங்க ஒரு பெரிய கூட்டம் தேறும், அதுதான் எங்களுக்கு லாபம். இரண்டாவது சுற்றில் கேள்வி கேட்டவங்களோடு உட்காருவோம். பத்து நாள் கெடு முதல் கூட்டத்துக்கானது. பதினோராவது நாள் உங்க பெயரை அடிச்சுட்டு வேற ஆளைப் போட எந்தக் கம்பெனியாலும் முடியாது, காரணம் கீழே.

1983இல் பீட்டர் கிரால்ஜிக் என்பவர் கொள்முதலுக்கு ஒரு நாலு கட்டம் போட்டுக் காட்டினார். இன்னிக்கும் பர்ச்சேஸ் ஆட்கள் பயிற்சியில் அதைத்தான் கத்துக்கறாங்க. ஒரு பக்கம் அந்தப் பொருளுக்கு ஆகும் செலவின் கனம், இன்னொரு பக்கம் அது கிடைக்காமல் போகும் ஆபத்து. செலவு அதிகம், ஆபத்து குறைவு என்றால் அங்கே வாங்குபவன் ராஜா, போட்டி விட்டு விலையை நசுக்கலாம். செலவு அற்பம், ஆனா கிடைக்கலைன்னா உற்பத்தி லைனே நின்னுடும் என்கிற கட்டம் ஒண்ணு இருக்கு. சீல் பெரும்பாலும் அங்கேதான் வரும். முழுப் பம்பின் விலையில் உங்க சீல் எவ்வளவு? அது ஒழுகினால் அவங்களுக்கு ஆகும் வாரண்டிச் செலவு எவ்வளவு?

இப்ப நீங்க கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள்:

உங்க பாகங்களில் எத்தனைக்கு இரண்டாவது சப்ளையர் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றிருக்கார்? புதுசா ஒருத்தரைக் கொண்டுவரணும்னா மோல்டு செய்யணும், மாதிரி எடுக்கணும், ஆயுள் சோதனை ஓடணும், அவங்க வாடிக்கையாளரே சிலதுக்கு ஒப்புதல் தரணும். மாசக்கணக்கில் ஆகும். மோல்டு யாருடைய சொத்து? (இது ரொம்ப முக்கியம். அவங்க காசில் செய்த மோல்டுன்னா நாளைக்கே லாரி அனுப்பி எடுத்துட்டுப் போகலாம்.) ரப்பர் கலவை ஃபார்முலா உங்களுடையதா, அவங்க கொடுத்ததா? அவங்க கையிருப்பு எத்தனை வாரத்துக்கு?

இதில் ஒண்ணுகூட அந்தக் கடிதத்தில் இருக்காது. ஆனா இதையெல்லாம் நாங்க உள்ளே உட்கார்ந்து பேசுவோம். "இவரை அழுத்தினால் என்ன ஆகும்"னு ஒரு பத்தி போட்டிருக்கும்.

நீங்க ஒட்டுமொத்தமா சிறியவர். ஆனா ஏதோ ஆறு பாகங்களில், ஏதோ நாலு மாசத்துக்கு, அவங்க உங்களை விடச் சிக்கலில் இருக்கலாம். அந்த ஆறு எது, அந்த நாலு மாசம் எப்பன்னு பாருங்க.

சீல்மேக்கர்:
முன்னாள்_பர்ச்சேஸ் சார், பெரிய நன்றி. இப்பதான் பட்டியல் எடுத்தேன். 40க்கு மேல பாகங்கள் போகுது. அதில் பெரும்பாலானதை யார் வேணாலும் செய்யலாம். அதிக வெப்பம் தாங்கும் சில வகைக்கு மட்டும் கலவை எங்களுடையது, வேற யாரும் தரலைன்னு நினைக்கிறேன். மோல்டு பாதி அவங்களுடையது. ஆனா அந்த அதிக வெப்ப வகை மோல்டு எல்லாம் எங்களுடையது.

அப்ப அதை நிறுத்திடுவேன்னு சொல்லலாமா?

முன்னாள்_பர்ச்சேஸ்:
சொல்லக் கூடாது. சொன்ன அன்னிக்கே உங்களுக்கு மாற்று தேடும் வேலை ஒரு இன்ஜினியருக்குப் போயிடும். அதுவரைக்கும் யாருக்கும் உறுத்தாமல் இருந்த ஆபத்தை நீங்களே சிவப்பு மை போட்டுக் காட்டினதா ஆகும். ஒரு வருஷத்தில் அந்தப் பாகமும் கையை விட்டுப் போகும். அவங்களுக்கே அது தெரியும், கணக்குப் போட்டுக்குவாங்க. நீங்க செய்ய வேண்டியது பட்டியலை இரண்டாகப் பிரிச்சு, "இந்த வகைகளில் இந்தச் சலுகை தர முடியும், இந்த வகைகளில் தற்போதைய விலையே தொடரும்"னு அமைதியா ஒரு அட்டவணை அனுப்புவது. படிக்க வேண்டியவன் படிச்சுக்குவான்.

தாமரைஇலை:
வெறும்பார்வையாளன் மெலோஸை இழுத்ததால் எழுதுகிறேன். அந்தத் தீவின் கதையில் எனக்குத் தெரிவது வேறு. மெலோஸ்காரர்கள் தங்களுக்கு எது நியாயம் என்று பேசினார்கள், ஏதென்ஸுக்கு எது இழப்பு என்பதை அழுத்தமாகக் காட்ட அவர்களால் முடியவில்லை. மற்ற நடுநிலை நகரங்கள் பகையாகும் என்று ஒரு வாதம் வைத்தார்கள்தான். ஆனால் ஏதென்ஸ் அதையே திருப்பிப் போட்டது: உங்களை விட்டுவிட்டால்தான் எங்களைப் பலவீனர் என்று நினைப்பார்கள் என்றது. உதவிக்கு வருவதாக நம்பியவர்களிடம் உறுதிமொழி எதுவும் கையில் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் 1814, ஐரோப்பிய எல்லைகளை முடிவு செய்யக் கூடிய வியன்னா மாநாடு. நெப்போலியன் வீழ்ந்த பிறகு பிரான்ஸின் சார்பில் தாலிராண் வருகிறார். தோற்ற நாடு. பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா நான்கும் தமக்குள் முடிவெடுத்துவிட்டு இவரிடம் நீட்டுவதாகத்தான் ஏற்பாடு. அவர் தன் பலவீனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் நடைமுறையைக் கேள்வி கேட்டார்: போர் முடிந்துவிட்டது, பிறகு இந்த "நேச நாடுகள்" யாருக்கு எதிராக? நால்வர் மட்டும் முடிவெடுக்க யார் அதிகாரம் கொடுத்தது? ஓரங்கட்டப்பட்ட சிறிய நாடுகளின் குரலாகத் தன்னை நிறுத்திக்கொண்டார். அதற்குள் போலந்தும் சாக்சனியும் யாருக்கு என்பதில் நால்வருக்குள் பிளவு வந்தது. 1815 ஜனவரி 3ஆம் தேதி பிரிட்டனும் ஆஸ்திரியாவும் பிரான்ஸோடு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டன. சில மாதங்களுக்கு முன் தோற்ற நாடு, வென்ற நால்வரில் இருவருக்குத் தேவைப்பட்ட மூன்றாவது ஆளாகிவிட்டது.

எதிர்த்தரப்பு என்று நாம் ஒரே ஆளைப் போலப் பேசுவது ஒன்று. உள்ளே போனால் அவர்கள் நான்கைந்து பேர். சீல்மேக்கர், உங்கள் விஷயத்தில் கொள்முதல் துறைக்கு மிச்சம் வேண்டும். உற்பத்தித் துறைக்கு லைன் நிற்கக் கூடாது. தரப் பிரிவுக்குப் புகார் வரக் கூடாது. நிதித் துறைக்குப் பணம் தாமதமாகப் போனால் போதும், விலை பற்றிக் கவலை குறைவு. இவர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் உங்களுக்கு எதிரியாக இருக்க வாய்ப்பில்லை.

வெறும்பார்வையாளன்:
தாமரைஇலை கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே 1815இல் நெப்போலியன் திரும்பி வந்து, வாட்டர்லூவில் மறுபடி தோற்ற பிறகு? நவம்பரில் கையெழுத்தான இரண்டாவது பாரிஸ் உடன்படிக்கையில் 70 கோடி ஃபிராங்க் இழப்பீடு, 1,50,000 அந்நியப் படையினர் பிரான்ஸ் மண்ணில், அவர்களுக்கு ஆகும் செலவும் பிரான்ஸ் தலையில். 1814இன் முதல் பாரிஸ் உடன்படிக்கையில் இழப்பீடே கிடையாது. பேச்சுக்காரர்கள் மழுங்கிப்போனதால் வந்த வித்தியாசமா இது? நிலைமை மாறியது, விலை மாறியது. தவிர, தோற்றாலும் பிரான்ஸ் ஒரு பெரிய நாடு. பத்து பேர் வேலை செய்யும் யூனிட் பிரான்ஸ் ஆகாது.

தாமரைஇலை:
நியாயமான திருத்தம், முதல் பாதியை ஏற்கிறேன். நிலைமை மாறும்போது விலை மாறும் என்பதுதான் நானும் சொல்வது. பேச்சு நிலைமையைப் படைக்காது, இருக்கிற நிலைமையிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கும்.

அளவு பற்றிய கேள்விக்கு ஐஸ்லாந்து. ராணுவமே இல்லாத நாடு. எதிரில் பிரிட்டிஷ் கடற்படை. மீன்பிடி எல்லைக்காக 1958இலிருந்து 1976 வரை மூன்று சுற்று மோதல், மூன்றிலும் கடைசியில் இறங்கி வந்தது பிரிட்டன்தான். ஐஸ்லாந்தின் ரோந்துப் படகுகள் மீன்பிடிக் கப்பல்களின் வலையை இழுத்து வரும் கம்பிவடத்தை அறுத்துவிட்டுப் போகும். ஆனால் உண்மையான பிடி வேறிடத்தில் இருந்தது. கெஃப்லாவிக்கில் இருந்த நேட்டோ தளம் பனிப்போர் காலத்தில் அமெரிக்காவுக்கு மிகவும் தேவை. தளத்தை மூடுவோம், கூட்டணியை விட்டுப் போவோம் என்ற பேச்சு எழுந்ததும், மீனைப் பற்றிக் கவலையே இல்லாத மற்ற நாடுகள் பிரிட்டனை நெருக்கத் தொடங்கின. 1976 ஜூனில் ஒப்பந்தம்: 200 மைல் எல்லைக்குள் பிரிட்டனுக்கு 24 கப்பல்களுக்கு மட்டும் இடம், அதுவும் கொஞ்ச காலத்துக்கு.

இரண்டு காரணம் சொல்வேன். ஐஸ்லாந்துக்கு மீன் என்பது நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி, பிரிட்டனுக்கு அது சில துறைமுக ஊர்களின் பிரச்சினை. யாருக்கு அது உயிர்ப் பிரச்சினையோ அவர்கள் கடைசி வரை நிற்பார்கள் என்பதை எதிரி நம்பினான். அடுத்தது, எதிரிக்கு வேண்டிய இன்னொருவருக்கு இவர்கள் தேவைப்பட்டார்கள்.

வெறும்பார்வையாளன்:
ஐஸ்லாந்து நல்ல உதாரணம், ஒத்துக்கிறேன். ஆனா சீல்மேக்கரிடம் தளம் எங்கே?

முன்னாள்_பர்ச்சேஸ்:
பாதித் தளம் அந்த அதிக வெப்ப சீல். மீதிப் பாதி, அந்தப் பம்பை வாங்கி ஓட்டும் ஆட்கள். அவங்க வரைபடத்தில் குறிப்பிட்ட சீல் வகையைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்காங்களான்னு பாருங்க. கேட்டிருந்தா மாற்ற அவங்க அனுமதி வேணும்.

அடைமழை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சப்ளையர் இல்லை, சம்பளக்காரி நான். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரில்தான் விசா. சம்பள உயர்வு கேட்டால் "வெளியே நிலைமை சரியில்லை" என்கிறார்கள். நான் போக மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லிப் பார்க்கலாமா?

முன்னாள்_பர்ச்சேஸ்:
வேண்டாம்மா. "சரி, வாழ்த்துகள், எப்ப கிளம்பறீங்க"ன்னு கேட்டுட்டா அடுத்த வரி என்ன சொல்வீங்க? பலம் இருக்கிறவன் பொய் சொல்லி மாட்டினால் சிரிச்சு மழுப்பிட்டுப் போவான். பலம் இல்லாதவங்களுக்கு நம்பகம் ஒண்ணுதான் கைமுதல், அதை இதுக்குச் செலவு பண்ணாதீங்க.

தாமரைஇலை:
அடைமழை, மிரட்டல் பலிப்பதற்கு அதைச் செய்துகாட்டும் வசதி கையில் இருக்க வேண்டும். எய்ட்ஸ் மருந்துகளின் விலையைக் குறைக்கச் சொல்லி பிரேசில் பெரிய மருந்து நிறுவனங்களோடு பல வருடம் பேரம் பேசியது. காப்புரிமையை மீறி நாங்களே தயாரிக்க உத்தரவிடுவோம் என்றது. அது வெறும் வாய்ச்சவடால் ஆகவில்லை, காரணம் அரசின் சொந்த மருந்து ஆய்வகம் அங்கே இருந்தது. பலமுறை நிறுவனங்கள் விலையைக் குறைத்தன. 2007 மே மாதம் எஃபாவிரென்ஸ் என்ற மருந்தின் பேச்சு படியாதபோது அந்த உத்தரவை, அதாவது கட்டாய உரிமத்தை, பிறப்பித்தே விட்டார்கள். ஆகவே பொய்யான வேலை வாய்ப்பு வேண்டாம். உண்மையான ஒன்றைத் தேடுங்கள், விசாவை ஏற்று மாற்றித் தரும் நிறுவனமாகப் பார்த்து. கிடைத்த பிறகு அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவைகூட வராமல் போகலாம், உங்கள் குரலே மாறியிருக்கும்.

கணக்கு_கந்தன்:
அடைமழைக்கு ஒண்ணு. சம்பளம் நகரலைன்னா அதைச் சுற்றி இருப்பதைக் கேளுங்க. பதவிப் பெயர், பயிற்சிச் செலவு, வீட்டிலிருந்து வேலை, நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தை நிறுவனம் இந்தத் தேதிக்குள் தொடங்கும்னு எழுத்தில் ஒரு வரி. கடைசியா சொன்னது கிடைச்சா சம்பள உயர்வை விடப் பெரிசு. அது உங்க கட்டையே அவிழ்க்கும். மேலாளருக்கு அதற்குச் சம்பளப் பட்ஜெட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

அடைமழை:
இந்தக் கோணம் தோணவே இல்லை அண்ணா. தனி இழை போட்டு விவரமாகக் கேட்கிறேன்.

கருப்புக்கோட்டு:
சட்டப்பக்கம் சில வார்த்தை. வழக்கமாக இந்த நிலையில் எல்லோரும் விலையிலேயே முட்டிக்கொள்கிறார்கள். விலைக்குத்தான் எதிர்த்தரப்பிலும் கண்காணிப்பு அதிகம், அங்கே ஒரு புள்ளி நகர்த்த மூன்று பேர் ஒப்புதல் வேண்டும். மற்ற ஷரத்துகளில் அவ்வளவு காவல் கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பிடிப்பது அந்த ரத்து ஷரத்தைத்தான்.

30 நாளில் ரத்து செய்யலாம் என்றால், ஆர்டருக்காக வாங்கி வைத்த மூலப்பொருளும் பாதி முடிந்த சரக்கும் யார் தலையில்? "ரத்து செய்தால் வாடிக்கையாளரின் முன்கணிப்பின்படி வாங்கிய மூலப்பொருளையும் உற்பத்தியில் உள்ள சரக்கையும் அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி கேளுங்கள். நோட்டீஸ் காலத்தை 180 நாளாகக் கேட்டு 90இல் நில்லுங்கள். இரு தரப்புக்கும் அதே உரிமை என்று போடச் சொல்லுங்கள். ரப்பர் விலை ஏறினால் உங்கள் விலையும் குறியீட்டெண்ணைப் பின்பற்றி நகரும் என்ற சூத்திரம் கேளுங்கள். கீழே இறங்கினால் குறைப்பீர்கள் என்பதால் அதை மறுப்பது அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்.

90 நாள் தவணையைப் பொறுத்தவரை உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உத்தரவுப்படி நிறுவனங்களுக்கிடையே 60 நாளுக்கு மேல் என்றால் வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதோடு அது விற்பவருக்கு அப்பட்டமான அநீதியாகவும் இருக்கக் கூடாது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். வழக்குப் போடச் சொல்லவில்லை. வழக்குப் போட்டால் வாடிக்கையாளரை இழப்பீர்கள். ஆனால் அவர்கள் சட்டத் துறை படிக்கும் கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயர் ஒருமுறை வந்தால் போதும்.

கணக்கு_கந்தன்:
இதோடு வங்கியையும் சேர்த்துக்கோங்க. பல வங்கிகள் 90 நாளைத் தாண்டின நிலுவையைக் கடனுக்கு ஈடாகக் கணக்கில் எடுக்காது. உங்க கடன் ஒப்பந்தத்தில் அப்படி ஷரத்து இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைங்க. 90 நாள் தவணை என்றால் சின்னத் தாமதம் வந்தாலே எல்லை தாண்டிடும், கடன் வரம்பு சுருங்கும், சப்ளை நிற்கும். "எனக்கு விருப்பமில்லை"ன்னு சொன்னால் அதோட பேரம் பேசுவாங்க. "என்னால் முடியாதபடி இங்கே கட்டியிருக்கு"ன்னு காகிதத்தைக் காட்டினால் பேச்சு வேற திசைக்குப் போகும்.

தாமரைஇலை:
1960இலேயே தாமஸ் ஷெல்லிங் இதை எழுதிவிட்டார், 2005இல் பொருளாதார நோபல் பெற்றவர். தன் கையைத் தானே கட்டிக்கொண்டவன் சில சமயம் கட்டற்றவனை விட வலுவானவன் என்பது அவர் வாதம். கட்டு உண்மையாகவும் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். வங்கி ஷரத்து இரண்டும்தான்.

கூடவே பொறுமை பற்றி. ஏரியல் ரூபின்ஸ்டைன் 1982இல் பேரத்தைக் கணிதமாக்கிக் காட்டினார்: மற்றதெல்லாம் சமமாக இருந்தால் காத்திருப்பதால் குறைவாக இழப்பவருக்குத்தான் பங்கு அதிகம். அந்தப் பத்து நாள் கெடுவை அந்தக் கண்ணோடு பாருங்கள். உங்களை அவசரப்பட வைப்பதற்காகவே போட்டது.

கணக்கு_கந்தன்:
அப்ப பேச்சுக்கு முன்னாடியே இன்னொரு வங்கியில் நாலைந்து மாசம் தாக்குப் பிடிக்கும் அளவுக்கு வரம்பு ஏற்பாடு பண்ணிக்கணும். ஆர்டர் இருக்கும்போதே கேளுங்க. ஆர்டர் போன பிறகு எந்த வங்கியும் கதவைத் திறக்காது. பேரத்துக்கான உண்மையான தயாரிப்பு இதுதான், மேசையில் பேசும் வசனம் எல்லாம் அப்புறம்.

சீல்மேக்கர்:
ஒரு சந்தேகம். இதே கடிதம் வந்த இன்னும் நாலு சப்ளையரை எனக்குத் தெரியும். எல்லாரும் சேர்ந்து 90 நாள் முடியாதுன்னு சொன்னா?

தாமரைஇலை:
சேர்ந்து நிற்பதற்குச் சரித்திரத்தில் பெரிய உதாரணம் உண்டு. 1960 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்கள் யாரையும் கேட்காமல் விலையைக் குறைத்தன. செப்டம்பரில் ஈரான், இராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா பாக்தாத்தில் கூடி, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கைத் தொடங்கின. தனித்தனியாக அவர்கள் எண்ணெய் நிறுவனங்களிடம் எதுவும் செய்ய முடியாதவர்களாக இருந்தார்கள். ஆனால் அந்த அமைப்பு விலையைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வர பத்து வருடத்துக்கு மேல் ஆனது. உங்களிடம் பத்து நாள்.

கருப்புக்கோட்டு:
அதோடு அவர்கள் அரசுகள், நீங்கள் தனியார் நிறுவனங்கள். பெரும்பாலான நாடுகளின் போட்டிச் சட்டத்தில், ஒரே பொருளை விற்பவர்கள் விலையையோ நிபந்தனையையோ கூடிப் பேசி முடிவு செய்வது சட்டவிரோதம். தவணையும் அதில் வரும். வாட்ஸ்அப் குழுவில் பேசினாலும் பேச்சுதான், சாட்சியும் அதுவேதான். தொழில் சங்கம் வழியாக அரசிடம் தாமதப் பணம் பற்றி முறையிடலாம், அதற்குத் தடையில்லை. மற்றபடி உங்கள் பதிலை நீங்களே தனியாக முடிவு செய்யுங்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் அந்த நாலு பேரோடு இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

வெறும்பார்வையாளன்:
எல்லாம் சரி. இவ்வளவும் செய்தும் அவர்கள் "ஒரு எழுத்து மாறாது"ன்னு சொன்னா? அதுவும் நடக்கும்தானே. அதை யாரும் பேசலை.

முன்னாள்_பர்ச்சேஸ்:
நடக்கும். அசையாத இடங்களும் இருக்கு. அப்ப இரண்டு வழி. கந்தன் சொன்ன எல்லைக்கோட்டுக்கு மேலே நின்றால் கையெழுத்துப் போடுங்க, ஆனா ஒப்பந்த காலத்தைக் குறுக்குங்க. மூணு வருஷம் கேட்டால் ஒரு வருஷம். கெட்ட நிபந்தனை ஒரு வருஷத்துக்குத்தான் என்றால் அது கடன், மூணு வருஷத்துக்கு என்றால் தண்டனை. அந்த ஒரு வருஷத்தில் 70ஐ 50 ஆக்கும் வேலையைப் பாருங்க. கோட்டுக்குக் கீழே போனால் சாதாரண வகைகளை விட்டுடுங்க, அதிக வெப்ப வகையை மட்டும் உங்க விலையில் தரத் தயார்னு சொல்லுங்க. நஷ்டத்துக்கு ஓட்டும் ஆர்டர் வாடிக்கையாளர் இல்லை, அவங்களுக்கு நீங்க தரும் மானியம்.

எது செய்தாலும் கேட்காமலே இறங்கிப் போகாதீங்க. நான் பார்த்ததில் பலவீனமானவங்க பண்ணும் பெரிய கேடு இதுதான். நாங்க வாயே திறக்கும் முன்னாடி "சார், 6 முடியாது, ஒரு 4 தரேன்"னு ஆரம்பிப்பாங்க. அந்த 4ஐ பாக்கெட்டில் போட்டுக்கிட்டு 6க்கு மேல பேச ஆரம்பிப்போம். "நீங்க இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்", இந்த வாக்கிய அமைப்பை விட்டு வெளியே வராதீங்க.

சீல்மேக்கர்:
வரைவு எழுதிப் பார்த்தேன். குறை சொல்லுங்க.

"அன்புடையீர், தங்கள் நிறுவனத்துடனான நீண்டகால உறவை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். சிறு நிறுவனமான எங்கள் சிரமத்தைக் கருத்தில் கொண்டு மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இணைப்பில் இரண்டு மாற்றுத் திட்டங்கள் உள்ளன. திட்டம் ஒன்று: பட்டியல் அ-வில் உள்ள வகைகளுக்கு 3 சதவீதம் குறைப்பு, தவணை 45 நாள், ஆண்டுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் உறுதி. திட்டம் இரண்டு: விலையில் மாற்றமில்லை, தவணை 60 நாள், ரத்துக்கு இருதரப்புக்கும் 90 நாள் நோட்டீஸ். பட்டியல் ஆ-வில் உள்ள வகைகளுக்கு இரண்டிலும் தற்போதைய விலை தொடரும்."

முன்னாள்_பர்ச்சேஸ்:
திட்டங்கள் பிரமாதம். எதைத் தேர்ந்தாலும் உங்களுக்கு ஏறக்குறைய ஒண்ணுதானே? அப்படித்தான் இருக்கணும். அவங்க எதை எடுக்கறாங்கன்னு பார்த்தாலே எது அவங்களுக்கு முக்கியம்னு தெரிஞ்சுடும். "சிரமத்தைக் கருத்தில் கொண்டு" வரியை மட்டும் வெட்டுங்க. உங்க சிரமம் எங்க அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் வராது, அதோட "இந்தச் சப்ளையர் தடுமாறுறார், மாற்று பாருங்க"ன்னு அர்த்தம் ஆகும். அதுக்குப் பதிலா கடந்த வருஷம் உங்க தாமத டெலிவரி எத்தனை, திருப்பி அனுப்பின சரக்கு எத்தனைன்னு ஒரு வரி போடுங்க, எண் நல்லா இருந்தா. மின்னஞ்சலில் உற்பத்தி மேலாளரையும் தகவலுக்குச் சேருங்க. ஏற்கெனவே அவரோடு பேசிப் பழகியிருந்தால் மட்டும். இல்லேன்னா பர்ச்சேஸ்காரருக்குத் தன்னைத் தாண்டிப் போறாங்கன்னு கோபம் வரும்.

கருப்புக்கோட்டு:
கீழே ஒரு வரி சேருங்கள்: "புதிய ஒப்பந்தம் இருதரப்பும் கையெழுத்திடும் வரை எல்லா ஆர்டர்களும் தற்போதைய நிபந்தனைகளின்படியே நிறைவேற்றப்படும்." அதோடு இனி வரும் பர்ச்சேஸ் ஆர்டர்களின் பின்பக்கத்தைப் படியுங்கள். புது நிபந்தனையை அதில் அச்சடித்து அனுப்பி, நீங்கள் ஆட்சேபிக்காமல் சரக்கை அனுப்பினால், அதையே சம்மதம் என்று வாதிட இடம் கிடைக்கும்.

சீல்மேக்கர்:
அய்யோ, அவங்க சப்ளையர் போர்ட்டலில் "ஏற்கிறேன்" பட்டனை அழுத்தினாத்தான் டெலிவரி சீட்டே பிரிண்ட் ஆகும். நேத்து ஒரு ஆர்டர் வந்திருக்கு, இன்னும் அழுத்தலை.

கருப்புக்கோட்டு:
அழுத்தும் முன் அந்த ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு மேலே சொன்ன வரியை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். போர்ட்டலில் குறிப்புப் பெட்டி இருந்தால் அதிலும் ஒட்டுங்கள். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி சேமியுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் இதே. நேற்று வந்ததில் தவணை 90 என்று மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் இப்போதே பார்த்துச் சொல்லுங்கள்.